முப்பத்தொரு வலது கால்

அன்றைக்கு இருந்தவர்கள்: பேட்டர்ன் மாஸ்டர் ஒருவர். தோல் வெட்டுகிற மாமனும் மச்சானுமாக இரண்டு பேர். தையல் மெஷினில் நான்கு பெண்கள். மேல்தோலைக் கட்டையில் இழுத்து ஒட்டுகிறவர் ஒருவர். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் பாய். ஒன்பது பேர் ஆயிற்றா, பத்தாவது நான். மத்தியானம் பிரியாணி அண்டாவோடு வந்து அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போன முதலாளியைச் சேர்த்தால் பதினொன்று.

இதை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. எழுதி வைத்திருக்கிறேன். பூட் அடுக்குகிற பெரிய அட்டைப்பெட்டியின் மூடி ஒன்று எங்கள் வீட்டுப் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் உள்பக்கத்தில் நீல மார்க்கரால் பத்துப் பேரின் பெயரும் வரிசையாக இருக்கும். நாளைக்கு ஏதாவது வம்பு வந்து, "அன்னைக்கு யார் யார் இருந்தீங்க?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் எழுதினது. என் சுபாவமே அப்படி. காஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைச் சமையலறைச் சுவரில் எழுதுகிறவள் நான். வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, பாதி வழியில் பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். படித்திருந்தால் பயம் குறைந்திருக்குமோ என்னவோ. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் மட்டும் எனக்குப் பயம் வருவதில்லை. இப்போதும் உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிறது.

நான் வேலை பார்ப்பது ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில், சேம்பிள் ரூமில். மற்ற இடத்தில் ஷூவை ஜோடியாகத்தான் செய்வார்கள், ஜோடியாகத்தான் எண்ணுவார்கள். எங்கள் ரூமில் மட்டும் கணக்கு வேறு. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராக ஆளனுப்பிக் கடைகளில் காட்டி ஆர்டர் பிடிப்பதற்கு மாதிரி கேட்பார்கள். காட்டுவதற்கு ஒரு கால் போதும். செலவும் பாதி, சுமையும் பாதி, ஒற்றைக் காலை எவனும் திருடிக்கொண்டும் போகமாட்டான். அதனால் நாங்கள் வலது கால் மட்டும் செய்வோம். எட்டு வருஷமாக நான் ஒட்டியது, துடைத்தது, ரிஜிஸ்டரில் எழுதியது எல்லாம் வலது கால்தான்.

அந்த வருஷம் ஒரு குளிர்தேசத்துக் கம்பெனிக்காக நூற்றிருபது பூட் செய்து வைத்திருந்தோம். உள்ளே உரோமத் துணி வைத்த பூட். ஜிப் கிடையாது, கயிறு கிடையாது, அப்படியே இழுத்து மாட்டிக்கொள்ளலாம். ஆண்களுக்கு ஒரு சைஸ், பெண்களுக்கு ஒரு சைஸ், நிறம் மட்டும் நாலைந்து. அனுப்புகிற வாரத்தில் அவர்கள் ஆர்டரே வேண்டாம் என்றுவிட்டார்கள். நூற்றிருபது பூட்டும் பெட்டியோடு ஸ்டோரில் தூங்கின.

துருக்கி, சிரியா பக்கம் அந்தப் பெரிய நிலநடுக்கம் வந்தது அப்போதுதான். கம்பெனி பஸ்ஸில் எல்லார் கை போனிலும் அதே படம். அடுக்குமாடிக் கட்டடங்கள் சீட்டுக்கட்டு சரிந்த மாதிரி கிடக்கின்றன. பனி கொட்டுகிறது. ஜனங்கள் கட்டியிருந்த துணியோடு தெருவில் நிற்கிறார்கள். மற்றவர்கள் கட்டடத்தைப் பார்த்தார்கள், அழுகிற முகங்களைப் பார்த்தார்கள். என் கண் கீழேயே போயிற்று. ஒரு பெண் பனியில் வெறுங்காலோடு நின்று ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும். எங்கள் பக்கமே ஒரு தடவை பூமி லேசாக ஆடியிருக்கிறது. மத்தியான நேரம். பருப்புச் சட்டி அடுப்பிலிருந்து தானாக நகர்ந்தது. பையனை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். தெருவே வெளியே நின்றது. ஒன்றும் ஆகவில்லை, ஒரு சுவரில் கீறல்கூட விழவில்லை. ஆனால் தார் ரோடு கொதித்தது. நானும் அப்படித்தான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். வாசலில் இரண்டு எட்டில் என் செருப்பு கிடக்கிறது, போய் எடுக்கத் தைரியம் இல்லை. உயிர் பிழைத்தவுடன் உடம்பு முதலில் கேட்பது செருப்பைத்தான் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி ஹாலுக்கு வந்தார். "ஜும்மாவுக்கு அப்புறம் ஊர்ல கூட்டம் வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் மெட்ராஸ் போற லாரி வருது, அங்கேர்ந்து பிளேன்ல போகுதாம். ஆளுக்கொண்ணு குடுக்குறாங்க. நம்மகிட்ட இன்னா இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டார். எட்டு வருஷத்தில் அவர் முன்னால் நான் வாயைத் திறந்தது கிடையாது. அன்றைக்கு என் வாய் தானாகத் திறந்தது.

"பூட் இருக்கு பாய்! உரோமம் வெச்ச பூட்! நூத்தி இருபது இருக்கு!"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லா" என்றார். என்னைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினார். எனக்குக் கால் தரையில் இல்லை. மத்தியானக் கூட்டத்தில் அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் எழுந்து நின்று, எங்கள் கம்பெனி சார்பில் நூற்றிருபது ஜோடி பூட் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. எதிரே ஒருவர் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கால் இரண்டையும் நீட்டியிருந்தார். இடது காலில் ஒரு ஷூ, வலது காலில் ஒரு ஷூ. இரண்டையும் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். எட்டு வருஷமாக ஒற்றைக் காலையே எண்ணி எண்ணி, மனிதனுக்குக் கால் இரண்டு என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

சனிக்கிழமை காலையில் மாஸ்டரிடம் போய் நின்றேன். பேட்டர்ன் மாஸ்டர் என்றால் ஷூவைக் காகிதத்தில் வரைந்து உருவம் கொடுக்கிறவர். கோபக்காரர். நான் சொல்லி முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எட்டு வருஷமா இங்கதான இருக்க?"

"ஆமா மாஸ்டர்."

"அது ஒத்தக் காலுன்னு உனுக்குத் தெரியாது?"

"தெரியும் மாஸ்டர். மறந்துட்டேன்."

"இத எப்புடிமா மறப்ப?" என்று கேட்டுவிட்டு, கோபப்பட வேண்டிய மனிதர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேருமாக முதலாளி ரூமுக்குப் போனோம். வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன். பையன் பள்ளிக்கூட ஃபீஸ், சீட்டுப் பணம் என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக வரிசை கட்டி வந்தது.

முதலாளி திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மேஜையைப் பார்த்தபடி, "ஜமாஅத் முன்னாடி வாக்கு குடுத்துட்டு வந்துட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

"இடது கால் செஞ்சா?" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"சோல் எங்கமா இருக்கு? சோல் வர நாலு நாள் ஆகும்" என்றார் மாஸ்டர்.

சோல் இருந்தது. அது எனக்குத்தான் தெரியும். சோல் கம்பெனிக்காரன் எப்போதும் ஜோடியாகத்தான் அனுப்புவான். வலதை எடுத்து பூட் செய்தபிறகு இடது சோல் அத்தனையும் ஒரு மூட்டையில் மிச்சமாகி விட்டது. யார் வந்து கேட்பார்களோ, யார் தலையில் விழுமோ என்று மூன்று மாதமாக அந்த மூட்டையை நினைத்து நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். "இத இன்னா பண்றது?" என்று ஸ்டோர்காரரிடம் மூன்று தடவை கேட்டு, "உனுக்கு எதுக்குத்தான் கவல இல்ல? போம்மா" என்று மூன்று தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது சொன்னேன்: "நூத்தி இருபது இடது சோல் இருக்கு பாய். மூட்டை கட்டி, மேல எழுதி வெச்சிருக்கேன்."

மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் கவலை ஒன்று வேலைக்கு உதவியது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. "நாளைக்கு மெஷின் போட்டுக்கங்க, கரண்ட்டு எஞ்செலவு. கூலி டபுளா போட்டுக்கலாம்" என்றார் முதலாளி. மாஸ்டர் ஹாலில் வந்து கேட்டபோது, தையல் பெண்களில் மூத்தவள், நாட்றம்பள்ளியிலிருந்து வருகிறவள், "கூலி இன்னாத்துக்கு மாஸ்டர்? அந்த ஜனங்களே வீடு இல்லாம நிக்குது. பிரியாணி மட்டும் போடச் சொல்லுங்க, பீஸ் கம்மி பண்ணாம" என்றாள். அப்படிச் சேர்ந்தவர்கள்தான் அந்தப் பத்துப் பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு கேட்டுக்குப் போனால், லீவு நாளில் வராத வாட்ச்மேன் பாய் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்த கேட்டில் இருந்தவர். அதற்கு முன்னால் ஹைவேயில் ஒரு லாரி அவருடைய இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துக்கொண்டு போய்விட்டது. கட்டைக்கால் ஒத்துக்கொள்ளவில்லை, புண்ணாகிவிடுகிறது என்று கக்கத்தில் ஊன்றுகோல் வைத்துத்தான் நடப்பார். பேன்ட்டின் இடது காலை மடித்து ஊக்குப் போட்டிருப்பார். வலது காலில் எப்போதும் பளபளவென்று கறுப்பு ஷூ. வாட்ச்மேன் ஷூ போட்டிருக்க வேண்டும் என்பது கம்பெனி ரூல்.

கம்பெனிக்கு இன்னொரு ரூலும் உண்டு. ஆர்டர்காரர்களுக்கு அனுப்புவதைத் தவிர சேம்பிள் ஷூ ஒன்றுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. அது டிசைன் திருட்டு ஆகிவிடுமாம். சாயங்காலம் எங்கள் பையைத் திறந்து பார்த்து அனுப்புவது வாட்ச்மேன் பாய்தான். என்னைப் பார்த்தால் மட்டும், "நீ போம்மா. நீ திருடுனா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்" என்பார். இத்தனை வருஷம் அவர் பையைப் பார்த்ததும் நான் பையைக் காட்டியதும்தான் தெரியுமே தவிர, அவர் காவல் காத்த ரூம் முழுக்க வலது கால் ஷூவாக இருந்தது என்பது எனக்கு அன்று வரைக்கும் உறைக்கவில்லை.

"நீங்க எதுக்கு பாய் இன்னைக்கு?" என்றேன்.

"ரெண்டு காலு செய்யப் போறீங்களாமே. எப்டி இருக்கும்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

அந்த நாளை எப்படிச் சொல்வது! கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரி இருந்தது. மாஸ்டர் வலது கால் பேட்டர்னைத் திருப்பிப் போட்டு இடதாக்கினார். மாமனும் மச்சானும் போட்டி போட்டுக்கொண்டு வெட்டினார்கள். மெஷின் நான்கும் ஒரே மூச்சில் கத்தின. பூட்டுக்கு உருவம் கொடுக்கிற பிளாஸ்டிக் கால், அதைத்தான் கட்டை என்போம், இடது காலுக்குப் பதினொன்றுதான் இருந்தது. ஒரு பூட் ஒட்டிச் சூடு காட்டி ஆறி இறங்கினால்தான் அடுத்தது ஏறும். அதனால் கட்டைக்கு முன்னால் எப்போதும் ஒரு வரிசை நின்றது. நான் சோலுக்குப் பசை தடவினேன், பிசிர் வெட்டினேன், துடைத்தேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன்.

பத்து மணிக்கே கறுப்புத் தோல் தீர்ந்துவிட்டது. மிச்சத் துண்டுகளை வைத்துத்தானே வெட்டுகிறோம். மச்சான் வெட்டுவதை நிறுத்திவிட்டு, "கறுப்பு இல்ல மாஸ்டர்" என்றான்.

"காப்பி கலர்ல வெட்டு."

"ஒரு கால் கறுப்பு, ஒரு கால் காப்பியா?"

"அவுங்க இன்னா உங்கக்கா கல்யாணத்துக்கா வர்றாங்க? வெட்டுடா!" என்றான் மாமன்.

அப்புறம் கூச்சம் போய்விட்டது. காப்பிக்குச் சிவப்பு, சிவப்புக்குக் கறுப்பு, சாம்பலுக்கு எது கிடைக்கிறதோ அது. அளவு மட்டும் தப்பக்கூடாது என்பதில் மாஸ்டர் கண்டிப்பாக இருந்தார். எக்ஸ்போர்ட்டுக்குப் பார்ப்பதைப் போல ஒவ்வொரு தையலையும் விரலால் நீவிப் பார்த்தார். கோணலாக இருந்த ஒன்றைப் பிரிக்கச் சொன்னார். "நேரம் இல்ல மாஸ்டர்" என்று நான் கெஞ்சினேன். "சும்மா குடுக்குறதுன்னா கோணலா குடுக்கலாமா?" என்றார். தைத்த பெண் அதைப் பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

வாட்ச்மேன் பாய் கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முடிந்து வந்த இடது காலையும் பெட்டியிலிருந்த வலது காலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டினார். யாரும் சொல்லவில்லை, அவராக எடுத்துக்கொண்ட வேலை.

"ஒத்தக் காலு பாய் ஜோடி சேக்குறாரு பாருங்கடி" என்று தையல்காரி ஒருத்தி கிண்டல் செய்தாள்.

"ஜோடியோட அருமை உனுக்கு இன்னாமா தெரியும்? ஒண்ணு போனவனுக்குத்தான் தெரியும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். பிரியாணி சாப்பிடுகிறபோது அவரே கணக்கு சொன்னார்: "வருஷா வருஷம் ரிஜெக்ட் சேல்ல ஒரு ஜோடி வாங்குறேன். டூட்டிக்கு ஷூ வேணுமே. ரெண்டு காலுக்குக் காசு, போடுறது ஒண்ணு. போடாத காலுக்கு நூத்தம்பது ரூபான்னு வெச்சாக்கூட, இருபத்திரண்டு வருஷத்துக்கு மூவாயிரத்து முந்நூறு ஆச்சு. இந்த ஷூ ஒலகம் எனுக்குக் குடுக்க வேண்டிய பாக்கி. தங்கச்சி, நீதான் எல்லாத்தையும் எழுதுவியே, அதையும் எழுதிக்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் எழுதிவிட்டேன், அட்டை மூடியில், பத்துப் பெயருக்குக் கீழே.

பிரியாணி அண்டாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது முதலாளி ஒரு கறுப்பு-காப்பி ஜோடியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். இது பரவாயில்லையா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் உள்ளே கையை விட்டு உரோமத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு லாரி ஹாரன் கேட்டது. கட்டையில் கடைசியாக ஒன்று ஆறிக்கொண்டிருந்தது. அதையும் இறக்கிக் கட்டினார் பாய். எண்பத்தொன்பது ஜோடி. நூற்றிருபதில் எண்பத்தொன்பது போக முப்பத்தொன்று ஒற்றையாகவே நின்றது, முப்பத்தொரு வலது கால். எல்லாருக்கும் கை ஓய்ந்துவிட்டது. டிரைவர், "ஏத்துங்க, ஆறரைக்குக் கெளம்பிப் போயி வாணியம்பாடி சரக்கும் ஏத்தணும்" என்கிறார். வாக்கு நூற்றிருபது, கையில் எண்பத்தொன்பது. நான் அந்த முப்பத்தொன்றையும் ஸ்டோருக்குத் திருப்பி எடுத்துப்போகப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன்.

"எங்க எடுத்துனு போற?" என்றார் வாட்ச்மேன் பாய்.

"ஸ்டோருக்கு பாய்."

"அதையும் லாரில ஏத்து."

மாஸ்டர் திரும்பினார். "இன்னா பாய், ஒத்தக் கால அனுப்புனா கேவலப்படுத்துற மாதிரி இருக்காது? குப்பையத் தள்ளி விட்டாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா?"

எனக்கும் அதுதான் பயம். இருக்கிற அவமானம் போதாதா என்று தோன்றியது. பாய் ஊன்றுகோலை எடுத்து எழுந்து நின்றார். சத்தம் போட்டுப் பேசவில்லை.

"மாஸ்டர், அத்தினி பெரிய கட்டடம் ஜனங்க மேல விழுந்திருக்கு. தோண்டி எடுக்குறாங்க, தோண்டி எடுக்குறாங்கன்னு டிவில காட்டுறாங்க. எடுக்குறவங்க எல்லாம் முழுசா வர்றாங்களா? வலது கால் மட்டும் மிஞ்சினவன் அங்க ஒருத்தன்கூடவா இருக்க மாட்டான்? அவன் நாளைக்கு எழுந்து நிக்கும்போது, ஜோடி ஷூவ குடுத்து, ஒண்ண நீயே தூக்கிப் போடுன்னு சொல்லுவீங்களா? அந்த மொதல் ஷூவப் போடாம ஓரமா எடுத்து வெக்கிற அன்னைக்கு எப்டி இருக்கும்னு என்னக் கேளுங்க."

மாஸ்டர் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, அவரே பூட் பூட்டாக அடுக்கினார். மேலே ஒற்றைக் கால் என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதினார். பாய் என் ரிஜிஸ்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வாங்கி, உருதுவில் ஏதோ இரண்டு வரி எழுதி, மேலே இருந்த பூட்டுக்குள் மடித்து வைத்தார். "இன்னா பாய் எழுதுனீங்க?" என்றேன். "ஒத்தக் காலுக்காரங்க பேச்சு. உனுக்கு எதுக்கு?" என்றார்.

அப்புறம் கேட்டுக்குப் போய் நின்று, ரூல்படி பெட்டி பெட்டியாகச் சரிபார்த்துக் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் ஆர்டர்காரர்களுக்கு இல்லாமல் ஒரு சேம்பிள் ஷூ அந்த கேட்டைத் தாண்டி வெளியே போனது அன்றைக்குத்தான்.

குறைந்துபோன முப்பத்தொரு ஜோடிக்கு முதலாளி ஜமாஅத்தில் என்ன சொன்னாரோ தெரியாது. என்னிடம் கேட்கவில்லை. கேட்காததே எனக்குக் கவலையாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் இன்றைக்குக் கூப்பிடுவார், நாளைக்குக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். சில வாரம் கழித்து நிஜமாகவே கூப்பிட்டார். டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், வார் போன செருப்பு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டுதான் அவர் ரூமுக்குப் போனேன். திரும்பி எடுக்க வரக்கூட விடமாட்டார்கள் என்று நினைப்பு.

அவர் பையைப் பார்த்தார். "எங்க, ஊருக்கா?" என்றார். "உக்காரு" என்று சொல்லிப் போனை மேஜையில் வைத்து அழுத்தினார். லாரி சரக்கைச் சேர்த்து அனுப்பிய மெட்ராஸ் குழுவில் ஒரு பையனின் குரல்.

"பாய், ஒங்க பூட்டெல்லாம் போய்ச் சேந்துடுச்சு. கலர் மாறி இருக்கேன்னு யாரும் கேக்கல, வயசுப் பசங்க எனக்குத்தான் ரெண்டு கலருன்னு சண்ட போட்டாங்களாம். அந்த ஒத்தக் கால் பெட்டிய ஒரு ஆஸ்பத்திரிக் கூடாரத்துல பிரிச்சிருக்காங்க. வந்த சரக்குல மொதல்ல காலியான பெட்டி அதுதானாம். உள்ள ஒரு சீட்டு இருந்துச்சாம். அங்க வேல செய்ய வந்திருந்த டாக்டர் ஒருத்தருக்கு உருது தெரிஞ்சிருக்கு, படிச்சுச் சொல்லியிருக்காரு. இப்போ அந்தச் சீட்டக் கூடாரத்துக் கம்பத்துல ஒட்டி வெச்சிருக்காங்களாம், போட்டோ அனுப்பியிருக்கேன் பாருங்க. இன்னொண்ணு பாய். எடது காலு இருக்குமான்னு கேக்குறாங்க. அவசரம், எந்தக் கலரா இருந்தாலும் பரவால்லையாம்."

முதலாளி போட்டோவைப் பெரிதாக்கி, உருதுவைத் தமிழில் எனக்குப் படித்துச் சொன்னார்.

"புதுசுல கடிக்கும். ரெண்டு நாள் பொறுத்துக்கோ. எனக்கும் ஒண்ணுதான்."

நான் பையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். ஹால் வழியாக, தையல் மெஷின்களுக்கு நடுவில், "இன்னாடி, இன்னாடி?" என்று அவர்கள் எழுந்திருக்க எழுந்திருக்க, பதில் சொல்ல மூச்சில்லாமல் கேட்டுக்கு ஓடினேன். முப்பத்தெட்டு வயசில் யாராவது அப்படி ஓடுவார்களா?

"பாய்! எடது காலு கேக்குறாங்க பாய்! எடது காலு!"

அவர் முதலில் என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். சீட்டு கம்பத்தில் ஒட்டியிருப்பதைச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். அப்புறம், "எட்டாம் நம்பர் போதுமா?" என்றார். எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ஒரு சாக்குமூட்டை. அவிழ்த்துக் கொட்டினார். எல்லாம் ஷூ. எல்லாம் புதுசு. எல்லாம் எட்டாம் நம்பர், எல்லாம் இடது கால்! வருஷத்துக்கு ஒன்றாக அவர் வாங்கிப் போடாமல் வைத்திருந்தவை. அடியில் கிடந்த பழசுகளில் மட்டும் தோல் கொஞ்சம் வெளிறியிருந்தது. அதையும் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"இத்தினி வருஷமா பரண் மேல வெச்சிருந்தேன். காசு குடுத்து வாங்குனத எப்டித் தூக்கிப் போடுறது? வீட்டுல தெனம் திட்டு. அந்தக் காலு திரும்பி வரும்னு பாத்துக்கினு இருக்கீங்களான்னு கேப்பா. நேத்து ராத்திரி அவதான் ஒவ்வொண்ணா துடைச்சுக் குடுத்தா" என்றார். அப்புறம், "காலு வரல. ஆளு வந்துட்டான் பாரு" என்றார்.

எண்ணினேன், எண்ணாமல் என்னால் இருக்க முடியாதே. இருபத்தொன்று இருந்தது. இருபத்திரண்டாவதை என்றைக்கோ தெருநாய் கவ்விக்கொண்டு போய்விட்டதாம். அந்த நாயை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. இப்போது எங்கள் ஸ்டோரில், வேலை முடிந்த ஒற்றைக் கால் சேம்பிளுக்கென்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறது. முன்பெல்லாம் கத்தியால் கீறிக் குப்பையில் போடுவோம். இப்போது கேட்டில் யாராவது ஊன்றுகோலோடு வந்து நின்றால் உள்ளே கூப்பிட்டுக் காட்டுகிறோம். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுப் போகிறவர்கள்கூட யாரோ சொல்லித் தேடி வருகிறார்கள். இடது காலும் செய்து வைக்கிறோம். அந்தப் பெட்டியிலிருந்து முதல் ஷூ வாட்ச்மேன் பாய்க்குத்தான் போயிற்று, அவர் வேலையிலிருந்து நின்ற அன்றைக்கு. முதலாளி கையால் கொடுத்தார். கேட்டுக்குப் போனதும் பாய் தன் பையைத் தானே திறந்து, தானே சோதனை போட்டு, "போலாம்" என்று தனக்கே சொல்லிவிட்டுப் போனார். சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணீர் வந்தது.

பஜாருக்குப் போகும்போதெல்லாம் அவரைப் பார்த்துவிட்டு வருவேன். சர்க்கரை இருக்கிறது, அந்த ஒரு காலை நினைத்து எனக்குத்தான் கவலை. காலைக் காட்டுங்கள், விரல் இடுக்கைக் காட்டுங்கள் என்று நான் தொந்தரவு செய்வதும், "நீ இன்னா டாக்டரா?" என்று அவர் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. போன வாரம் போனபோது, "மூடி பத்திரமா இருக்குதா?" என்றார். இருக்கிறது என்றேன். "கணக்கு?" என்றார். அதுவும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பீரோவுக்குப் பின்னாலிருந்து அட்டை மூடியை எடுத்துப் பார்த்தேன். பத்துப் பெயரும் அப்படியே இருக்கின்றன. அதற்குக் கீழே மூவாயிரத்து முந்நூறு என்று எழுதியிருந்ததை, சாக்குமூட்டை போன அன்றைக்கு அவரே அடிக்கச் சொல்லிவிட்டார். இருபத்தொரு காலுக்கு ஆள் கிடைத்துவிட்டதால் அதெல்லாம் வரவாம். நாய் கவ்வியது மட்டும் வரவில்லை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன், எழுதிக்கோ என்றார், எழுதினேன்: வாட்ச்மேன் பாய்க்கு வர வேண்டிய பாக்கி, நூற்றைம்பது ரூபாய்.